கரிசல் மண்ணும் கணிப்பொறி நூலும்

கணிப்பொறி தமிழ்நாட்டு மண்ணில் கால்வைத்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 என்னும் பெரும்பொறி 1973-இல் நிறுவப்பெற்றது. அன்று ஒரு பேரறையை அடைத்துக்கொண்டு நின்ற பொறியின் கொள்ளுப்பேரன் இன்று கோவிற்பட்டிச் சந்தையில் வற்றல் மூட்டையின்மேல் சாய்ந்திருக்கும் உழவனின் சட்டைப்பைக்குள் அடங்கிக் கிடக்கின்றான். பொறி வந்த விரைவில் அதனைப் பற்றிய தமிழ்நூல் வரவில்லை. வந்தவற்றுள்ளும் பாதி, தமிழ் எழுத்தில் எழுதப்பெற்ற ஆங்கிலம். ஒரு தொழிலின் கருவி கைக்கு வந்து, அக் கருவியைப் பற்றிய அறிவு மட்டும் பிறமொழிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்குமாயின், அக் கருவியை வைத்திருப்பவன் அதற்கு உடையவன் அல்லன், அதற்குக் காவலாள்.

கணிப்பொறியைப் பற்றி இருவகை நூல்கள் வேண்டும். பொறி எவ்வாறு இயங்குகின்றது, அதனை எவ்வாறு இயக்குவது என்று கற்பிப்பது ஒருவகை. அப் பொறி மாந்தனை என்ன செய்கின்றது, அவன் உழைப்பையும் கூலியையும் மொழியையும் எங்குக் கொண்டுபோய் நிறுத்துகின்றது என்று ஆராய்வது மற்றொரு வகை. முதல் வகையில் தமிழில் ஓரளவு நூல்கள் உண்டு. இரண்டாம் வகை மிக அரிது. மேலை நாட்டிலோ பொறி பிறந்த தொட்டிலருகிலேயே இரண்டாம் வகை நூலும் பிறந்துவிட்டது. கணிதப் பேரறிஞர் நார்பர்ட்டு வீனர், மாந்தரை மாந்தராகப் பயன்கொள்வது பற்றிய தம் நூலை 1950-இலேயே வெளியிட்டார். பேசுவதுபோல் நடிக்கும் 'எலிசா' என்னும் நிரலை 1966-இல் ஆக்கிய யோசேப்பு வைசன்பாம், தாம் படைத்த பொம்மையிடம் மக்கள் நெஞ்சைத் திறந்து பேசுவதைக் கண்டு திடுக்கிட்டு, கணிப்பொறியால் செய்ய இயன்றாலும் அதனிடம் ஒப்படைக்கக் கூடாத வேலைகள் உண்டு என்று 1976-இல் ஒரு நூலே எழுதினார். பொறியைச் செய்தவர்களே அதன் தீங்கையும் எழுதினர். இங்கோ பொறியைச் செய்யாதவர்கள் அதன் புகழை மட்டும் எழுதுகின்றனர்.

இத்தகைய நூல்களெல்லாம் பெருநகரத்தார்க்கே வேண்டும், வானம் பார்த்த கரிசற் காட்டிற்கு எதற்கு என்று கேட்போர் உளர். கேள்வியே தவறு. தொழிற்பொறியின் நன்மை தீமை இரண்டையும் கோவிற்பட்டி வட்டாரம் அறிந்த அளவிற்குத் தமிழ்நாட்டின் வேறு பகுதிகள் அறியா. மழை குறைந்து, வெயில் மிகுந்து, கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் ஓராண்டு விளைந்து ஓராண்டு பொய்க்கும் நிலம் அது. உழவு கைவிட்ட கைகளுக்குத் தீப்பெட்டி வேலை கொடுத்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்ட அய்ய நாடார், சண்முக நாடார் ஆகிய இருவரால் தொடங்கிய தொழில், கோவிற்பட்டி, சாத்தூர், கழுகுமலை, எட்டையபுரம் என்று பரவியது. குச்சியின் மருந்து உலர்வதற்கு வேண்டிய வறண்ட காற்றையும் பட்டினியையும் ஒருங்கே கொடுத்தது அம் மண்.

அங்கே தீப்பெட்டி செய்தவை பெரும்பாலும் பெண்டிரின் விரல்கள். காடியிட்ட கட்டையில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்குவது, மெழுகிலும் மருந்திலும் முக்குவது, உலர்த்துவது, பெட்டி ஒட்டுவது, குச்சி அடைப்பது என ஒரு தீப்பெட்டிக்குள் பல கைகளின் வேலை அடங்கியிருந்தது. சுவீடனார் நிறுவனமாகிய விம்கோவின் பெரும்பொறிகளுக்கு எதிரே அக் கைகள் நின்று நிலைத்ததற்கு ஒரு கரணியம், கையால் செய்த தீப்பெட்டிக்கு அரசு குறைந்த தீர்வை விதித்தமை. ஆகலின் பொறிக்கும் கைக்கும் இடையே சட்டம் ஒரு வரப்புக் கட்ட முடியும் என்பதைக் கரிசல் மக்கள் பட்டறிவால் அறிவர். அவ் வரப்பின் நிழலிலேயே அகவை நிரம்பாத சிறாரை விடியுமுன் வண்டியேற்றிக் கட்டையடுக்க வைத்த கொடுமையும் நடந்தது. அதனையும் மறைக்காமல் எழுதுவதே நூலுக்கு அழகு. கைத்தொழில் என்பதால் எல்லாம் நல்லதாகிவிடாது. பொறி என்பதால் எல்லாம் தீயதாகிவிடாது.

பின்னர்ப் பொறிகள் அவ் வட்டாரத்திற்கே வந்தன. கட்டையடுக்கும் வேலையையும் அடைக்கும் வேலையையும் அவை எடுத்துக்கொண்டன. அடுத்து, கடல்கடந்து வந்த ஞெகிழித் தீமூட்டி வந்தது. 14 ஆண்டுகளாக ஓர் உருபாவாக இருந்த தீப்பெட்டியின் விலை 2021 திசம்பரில் இரண்டு உருபாவாயிற்று. 20 உருபாவுக்குக் குறைந்த விலையுள்ள தீமூட்டிகளின் இறக்குமதிக்கு 2023 சூனிலும், அவற்றின் உறுப்புகளின் இறக்குமதிக்கு 2024 அக்தோபரிலும் இந்திய அரசு தடை விதித்தது. ஒரு கைத்தொழில், பொறி, அயல்நாட்டுச் சரக்கு, சட்டம் ஆகிய நான்கும் மோதிக்கொள்ளும் களமாக அவ் வட்டாரம் நூறாண்டாக இருந்து வருகின்றது. தானே இயங்கும் பொறி தொழிலாளியின் கையுழைப்பைக் கூலியற்ற அடிமையோடு போட்டியிடும் நிலைக்குத் தள்ளிவிடும் என்பது வீனரின் அச்சம். அதனை அவர் நூலில் எழுதியதோடு நில்லாமல், அமெரிக்க வண்டித் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்ட்டர் இரூத்தருக்கு 1949-இலேயே மடலாகவும் எழுதினார். கட்டையடுக்கிய பெண்ணின் வாழ்க்கையையும் வீனரின் எச்சரிக்கையையும் அருகருகே வைத்து ஆராயும் தமிழ்நூல் எழுதப்படின், அது மொழிபெயர்ப்பு நூலாக இராது. உலகிற்குத் தமிழ் கொடுக்கும் நூலாக இருக்கும். எழுதுதற்குரிய செய்தி கோவிற்பட்டியில் கொட்டிக் கிடக்கின்றது.

அவ்வாறாயின் ஏன் எழுதப்படவில்லை? கேட்டால் ஆயத்தமாக ஒரு விடை வரும்: தமிழில் சொல் இல்லை.

இவ் விடையைப் பாவாணர் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடினார். அவர் 1902-இல் பிறந்த சங்கரன்கோவில் வட்டாரம் கோவிற்பட்டிக்கு மேற்கே கூப்பிடு தொலைவில் உள்ளது. ஏட்டில் மட்டும் தமிழைத் தேடியவர் அல்லர் அவர். நெல்லின் அடியைத் தாள் என்றும், கீரையின் அடியைத் தண்டு என்றும், கம்பு சோளத்தின் அடியைத் தட்டு என்றும், கரும்பின் அடியைக் கழி என்றும், மூங்கிலின் அடியைக் கழை என்றும், வேம்பு புளியின் அடியை அடி என்றும் உழவர் பிரித்து வழங்குவதைக் காட்டித் தமிழின் பொருள்வளத்தை நாட்டியவர். சென்னைப் பல்கலைக்கழக அகராதியின் குறைகளை அவர் எடுத்துக்காட்டியபோது முன்வைத்த குற்றச்சாட்டுகளுள் ஒன்று, நாட்டுப்புற வழக்குச் சொற்கள் அதில் ஏராளமாக விடுபட்டன என்பது. செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராக 1974-இல் அமர்ந்து, 1981 சனவரியில் அவர் மறைந்தார். முதன்மடலம் 1985-இல்தான் வெளிவந்தது. கணிப்பொறிச் சொற்களை ஆக்கும் வேலை தலைக்குமேல் வந்தபோது அவ் வேலைக்கென்றே பிறந்தவர் இல்லை. பாவலரேறு பெருஞ்சித்திரனார் மறைந்தது 1995 சூனில். இணையம் இந்தியாவில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது அவ்வாண்டு ஆகத்து 15-இல். தமிழின் ஊழ் சிலபோது இவ்வாறு இரண்டு திங்கள் இடைவெளியில் அமைந்துவிடுகின்றது.

பாவாணர் சுட்டிய குறையை அதே கரிசல் நிலத்தில் வேறொருவர் வேறொரு வழியில் நிறைத்தார். கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. இராசநாராயணன், பல்கலைக்கழகம் எதன் துணையுமின்றித் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்தது. பள்ளிப்படிப்பை இடையில் விட்ட ஓர் உழவர், கற்றோர் கூட்டம் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்து முடித்தார். பின்னர்க் கொங்கு நாட்டிற்குப் பெருமாள்முருகனும் நடுநாட்டிற்குக் கண்மணி குணசேகரனும் அவ்வாறே அகராதி தொகுத்தனர். கி.இரா. 2021 மேத் திங்களில் மறைந்தார். கோவிற்பட்டியில் அவர்க்கு நினைவரங்கமும் 2022-இல் எழுந்தது.

தனித்தமிழ் அன்பர் சிலர்க்குக் கி.இரா.வின் நடையோடு உடன்பாடு இல்லை. அவர் பேச்சுவழக்கை அப்படியே எழுத்தில் ஏற்றியவர். எழுத்துத்தமிழ் உயிரற்றது என்று கருதியவர். கொச்சை வேறு, வழக்குச்சொல் வேறு. 'வந்துக்கிட்டு' என்பது கொச்சை, அது திரிபு. 'கூனை' என்பது கொச்சையன்று, அது சொல். முன்னதை எழுத்தில் ஏற்றவேண்டா. பின்னதை இழக்கவே கூடாது. இவ் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், கி.இரா.வின் அகராதி தனித்தமிழுக்குப் பகையன்று, களஞ்சியம் என்பது விளங்கும். அவர்தம் வீட்டுமொழி தெலுங்கு என்பதையும் இங்கு நினைத்துக்கொள்ளல் தகும். தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட எத்துணைப் பேராசிரியர் அவர் செய்ததில் பத்திலொரு பங்கேனும் செய்தனர்?

சொல் இருக்கின்றதா இல்லையா என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். நிரல் எழுதக் கற்போர்க்கு முதலில் வரும் கருத்துகளுள் மூன்று இவை: ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வித்தல், கடைசியில் வைத்ததை முதலில் எடுத்தல், முதலில் இட்டதை முதலில் எடுத்தல். ஆங்கில நூலைப் பார்த்து எழுதுவோர் இவற்றை விளக்க உணவுவிடுதித் தட்டுகளையும் திரையரங்கு வரிசையையும் தூக்கிக்கொண்டு வருவர். கரிசற் சிறுவனுக்கு இவை எதற்கு?

கமலையைப் பாருங்கள். மாடுகள் சரிவில் இறங்கினால் கூனை மேலேறும். நீர் வாலின் வழியே வாய்க்காலில் கொட்டும். மாடுகள் பின்னேறினால் கூனை மீண்டும் கிணற்றுக்குள் இறங்கும். பாத்தி நிறையும்வரை இது நடக்கும், நிறைந்தவுடன் நிற்கும். பள்ளி நூல்களில் மடக்கு என்று வழங்கும் கருத்து முழுதும் இதற்குள் அடங்கியிருக்கின்றது: செய்யும் வேலை, எண்ணிக்கை, நிறுத்தும் வரம்பு. எண்ணிக்கை பிசகாமலிருக்க இறைப்பவன் பாட்டிலேயே எண்ணைப் பிணைத்துப் பாடினான். அடுத்துத் தீப்பெட்டி ஆலையைப் பாருங்கள். குச்சி நிறைந்த சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். அதன் பெயர் அடுக்கு. கணிப்பொறி நூலிலும் அதற்கு அடுக்கு என்றே பெயர். மூன்றாவது, குலுக்கை. வேறிடங்களில் குதிர் என்பர். கம்பையும் சோளத்தையும் மேல்வாயில் கொட்டிக் கீழ்த்துளையில் எடுப்பர். முதலில் கொட்டியதே முதலில் வரும். கணிதம் வல்லார் தாளில் வரைந்து காட்டும் அமைப்பைக் கரிசற் பெண்டிர் களிமண்ணால் வனைந்து வீட்டு மூலையில் நிறுத்தியிருந்தனர்.

இன்னொன்று. கணிப்பொறிக்கு முன்னோடி தறி. பூவேலைத் துணி நெய்வதற்குத் துளையிட்ட அட்டைகளால் பாவிழைகளை ஆளும் முறையைப் பிரான்சு நாட்டுச் சாக்கார்டு 1804-இல் அமைத்தார். அத் துளையட்டைதான் இங்கிலாந்தின் பாபேச்சு திட்டமிட்ட கணிப்பொறிக்கும், 1890-இல் அமெரிக்க மக்கள்தொகையைக் கணக்கிட்ட ஒல்லரித்துப் பொறிக்கும் வழிகாட்டியது. பருத்தியோடு வாழ்ந்து, நூற்று, நெய்த ஒரு மக்களுக்கு இவ் வரலாற்றைச் சொல்ல எத்துணைச் சொற்கள் கையிருப்பில் உள்ளன! பாவு, ஊடு, இழை, புரி, கண்ணி, முடி. இவற்றுள் இழை ஏற்கெனவே கணிப்பொறிச் சொல்லாகிவிட்டது.

தமிழ்நாட்டரசு 2018 முதல் வெளியிட்ட புதிய மேனிலைப் பள்ளிக் கணினி அறிவியல் நூல்கள் தமிழ்வழியிலும் உள்ளன. இது சிறிய செயலன்று. மாறி, மாறிலி, தரவினம், செயற்கூறு, மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று தமிழ்ச்சொற்களாலேயே அந் நூல்கள் பாடம் நடத்துகின்றன. பாராட்டத்தக்கது. ஆயினும் 'உறைபொதியாக்கம்' போன்ற சொற்கள் மாணவன் வாயில் நுழையுமா என்பதை ஆக்கியோர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். உறையும் பொதியும் இரண்டும் தூய தமிழே. இரண்டையும் ஒட்டி, ஆக்கத்தையும் சேர்த்துக் கட்டியதால் சொல் சுமையாகிவிட்டது. கரிசற் காட்டில் பருத்தியைப் பொதி என்று அளப்பர். உள்ளீட்டை வெளியே தெரியாமல் கட்டி வைப்பதுதான் பொதிதல். பொதிவு என்று மூன்றெழுத்தில் முடிந்திருக்கும். ஆங்கிலச் சொல்லை உறுப்பு உறுப்பாக அறுத்து ஒவ்வோர் உறுப்பிற்கும் ஒரு தமிழ்ச்சொல்லை ஒட்டவைப்பது சொல்லாக்கம் அன்று. அது வடிவம் மாறிய அடிமைத்தனம். தூய்மை மட்டும் போதாது. சொல் சுருங்கவும் வேண்டும், நாவில் புரளவும் வேண்டும்.

இதற்கு மாற்றாக நல்ல சொல்லாக்கத்திற்கு ஒரு சான்று, எதிர்பாராத இடத்திலிருந்து கிடைக்கின்றது. ஆங்கிலச் சொற்களைத் தயங்காமல் கலந்தெழுதிய சுசாதா, தம் நூல் ஒன்றிற்குச் 'சிலிக்கன் சில்லுப் புரட்சி' என்று பெயரிட்டார். சில்லு என்பது ஓட்டாஞ்சில்லு. சிறுமியர் கட்டம் கீறி நொண்டியாடும்போது எறியும் சில்லு. மண்ணிலிருந்து எடுத்த அச் சொல் எவ்வித விளக்கமும் வேண்டாமல் நிலைத்துவிட்டது. அவரே வேறு நூல்களின் தலைப்பில் கம்ப்யூட்டர் என்றே எழுதினார் என்பதும் உண்மை. தமிழுக்குக் கணிப்பொறி கற்பித்த பயனுள்ள இதழொன்றும் தன் பெயரிலேயே தமிழையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து வைத்துக்கொண்டது. கணிப்பொறி, கணினி என்னும் இரு சொற்கள் இருந்தும் அவற்றுள் ஒன்றேனும் அட்டைக்கு ஏறவில்லை.

நற்செயல் செய்தோரையும் சொல்ல வேண்டும். 'யுனெசுக்கோ கூரியர்' தமிழ்ப்பதிப்பை நெடுங்காலம் நடத்திய மணவை முசுத்தபா, கணினிக் கலைச்சொற்களைப் பேரகராதியாகவே தொகுத்துவிட்டு 2017-இல் மறைந்தார். 2012-இல் தொடங்கிய 'கணியம்' என்னும் மின்னிதழைச் சார்ந்த இளைஞர்கள் 'எளிய தமிழில்' என்னும் வரிசையில் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய நூல்களை எழுதி, எவரும் விலையின்றி எடுத்துப் படிக்கவும் படியெடுத்துக் கொடுக்கவும் உரிமை வழங்கினர். கோவிற்பட்டியில் பொறியியற் கல்லூரி 1984-இலேயே தோன்றிவிட்டது. தீப்பெட்டித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் பொறியியல் படிக்கும் காலம் இது. அப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உருப்போட்டதை அன்னைக்குத் தமிழில் சொல்ல முடியாமல் நிற்கும் நிலையை மாற்றுவன இத்தகைய நூல்களே. அவற்றின் நடையில் பிறமொழிக் கலப்பு மிகுதி என்பது மெய். திருத்திக்கொள்ளத்தக்க குறையே அது. எழுதாமல் இருப்பதுதான் திருத்த முடியாத குறை.

எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றின் வரலாறும் தலைகுனிய வைப்பதே. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியனை ஆக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கலியாணசுந்தரம் 1998-இல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கிப் பழந்தமிழ் நூல்களை மின்னேட்டில் ஏற்றினார். தமிழ்நாட்டில் ஒவ்வோர் அச்சகத்திற்கும் ஒவ்வோர் எழுத்துக்குறிமுறை என்று பாபேல் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தனர். 1999-இல் சென்னை மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை வந்த பிறகே ஓர் ஒழுங்கு தோன்றியது.

அதற்குள் ஒருங்குறியில் தமிழின் இடம் முடிவாகிவிட்டது. இந்திய எழுத்துகளுக்கெல்லாம் ஒரே அச்சு என்னும் முன்னைய இந்தியக் குறிமுறையைப் பின்பற்றித் தமிழுக்கும் 128 இடங்களை ஒதுக்கினர். புள்ளியிட்ட மெய்யே முதல் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் முறை. ஒருங்குறியிலோ அகரமேறிய உயிர்மெய் முதல். அதன்மேல் புள்ளியைத் தனிக்குறியாக ஒட்டினால்தான் மெய் கிடைக்கும். விளைவை ஊர்ப்பெயரிலேயே காணலாம். கோவில்பட்டி என்பது ஆறெழுத்து. ஒருங்குறியில் அது 11 குறிகள். இன்று பெருவழக்காக உள்ள முறையில் ஒரு தமிழ்க்குறிக்கு மூன்று பைட்டு ஆதலின் 33 பைட்டு. ஆங்கிலத்தில் அவ் வூர்ப்பெயர் பத்தெழுத்து, பத்துப் பைட்டு. ஒவ்வோர் எழுத்திற்கும் தனியிடம் தரும் அனைத்தெழுத்து முறையில் பன்னிரண்டே பைட்டு போதும். அம் முறையைத் தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியோடு மாற்றுமுறையாக ஏற்றது. ஆயினும் வழக்கில் ஒருங்குறியே வென்றது. அப் போரை மீளத் தொடங்குவதால் இனிப் பயனில்லை. இடம் மிகுதியாக வேண்டும் என்பது இற்றைப் பொறிகளுக்குப் பெருஞ்சுமையும் அன்று. எழுத்தை எழுத்தாக எண்ணத் தெரியாத நிரல்களைத் திருத்துவதே இன்றைய வேலை.

விழிப்பாயிருந்தால் காக்க முடியும் என்பதற்கு அதே 2010 சான்று. தமிழ் வரிசைக்குள் கிரந்தக் குறிகளைப் புகுத்தவும், கிரந்த வரிசைக்குள் தமிழுக்கே உரிய எழுத்துகளைச் சேர்க்கவும் அப்போது முன்மொழிவுகள் எழுந்தன. தமிழறிஞரும் கணிப்பொறி வல்லாரும் திரண்டு எதிர்த்தனர். தமிழ்நாட்டு முதலமைச்சர் இந்திய அரசுக்கு எழுதினார். 2014-இல் வந்த ஒருங்குறி ஏழாம் பதிப்பில் கிரந்தம் தனித்தொகுதியாகவே இடம்பெற்றது. தமிழின் ழ, ற, ன அதனுள் சேர்க்கப்பெறவில்லை. எவரும் நூல் எழுதிச் சொல்லாத இவ் வரலாறு இன்னும் பத்தாண்டில் மறந்துபோகும்.

இப்பொழுது வந்திருப்பது வேறு பொறி. பேசும் பொறி, எழுதும் பொறி. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரும் என்று கணித்து அது எழுதுகின்றது. அது படித்தவற்றுள் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ் நூற்றுக்கு ஒன்று என்னும் அளவிற்கும் மிகத் தாழ்வு. அத் தமிழிலும் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பக்கங்கள் கலந்துள்ளன. எனவே அது எழுதும் தமிழில் எழுத்து தமிழாகவும், சொல் பாதி தமிழாகவும், தொடர்க்கட்டு ஆங்கிலமாகவும் இருக்கக் காணலாம். கிரந்த எழுத்தைக் களைந்துவிட்டால் தமிழ் தூய்தாகிவிட்டது என்று எண்ணியிருப்போர் இதனை எண்ணிப் பார்க்கட்டும்: ஒரு வடசொல்லும் இல்லாமல் ஒரு தொடர் முழுதும் தமிழன்மையாக இருக்க முடியும்.

இதனால் கெடுவது நடை மட்டுமன்று. கரிசல் உழவனிடம் மழை எவ்வளவு பெய்தது என்று கேட்டால் 'ஓர் உழவு மழை' என்பான். நிலம் ஏர் பூட்டும் அளவிற்கு நனைந்தது என்பது அதன் பொருள். காய்ந்து வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும் கரிசலுக்கு ஓர் உழவு என்பது வேறு, செவலுக்கு ஓர் உழவு என்பது வேறு. அவ் வளவைக்குள் வானமும் மண்ணும் ஏரும் சேர்ந்திருக்கின்றன. பொறி இருபது மில்லிமீட்டர் என்று சொல்லும். அது பொய்யன்று, ஆனால் நாளை ஏர் கட்டலாமா என்பதற்கு அது விடையும் அன்று. விடை சொல்லும் சொல் எழுத்தில் இல்லையேல் பொறிக்கும் அது இல்லை. பொறியையே கேட்டு வளரும் அடுத்த தலைமுறைக்கும் இல்லை. கோவிற்பட்டியில் 1901-இலிருந்து இயங்கிவரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் பருத்தியில் எத்தனையோ வகைகளைத் தந்துள்ளது. கருங்கண்ணி என்று உழவர் வழங்கிய பெயர் செடியைக் கண்முன் நிறுத்துகின்றது. கே 11 என்னும் குறி எதனை நிறுத்தும்?

வேண்டுவது இதுதான். தமிழ்நாட்டரசின் அகரமுதலி இயக்ககம் நடத்தும் சொற்குவைத் திட்டத்தில், அறிவியல் துறைச் சொற்களோடு கரிசல், கொங்கு, நடுநாடு, நாஞ்சில் வழக்குச்சொல் அகராதிகளின் சொற்கள் அனைத்தும் உரியோர் இசைவுடன் ஏறவேண்டும். சொல்லோடு அதனைச் சொல்லும் குரலும் பதிவாக வேண்டும். கணிப்பொறி நூலெழுதுவோர் சொல் ஆக்குமுன் அக் குவையில் தேடவேண்டும். தீப்பெட்டி ஆலையிலும் உழவுக் காட்டிலும் பொறி செய்த மாற்றத்தைப் பற்றிப் பொறியியல் படித்த கரிசல் பிள்ளைகளே தமிழில் எழுதவேண்டும். ஒரு கல்லூரிப் பருவத்து விடுமுறையில் பத்து மாணவர் இடைசெவல், நாலாட்டின்புதூர், கயத்தாறு, கழுகுமலை என்று ஊர்தோறும் சென்றால், கி.இரா.வின் அகராதிக்கு விடுபட்ட சொற்களைக் கைப்பேசியிலேயே பதிவு செய்துவிடலாம். தீப்பெட்டிக் கட்டை அடுக்கிய பெண்கள் இன்னும் ஊர்தோறும் இருக்கின்றனர். கமலை இறைத்தவர்களோ பெரும்பாலும் எண்பது அகவையைத் தொட்டவர்கள்.